ஆறுமணிக்குருவிக்கு வடக்கே சூலம்

அரைக்கிணறு என்னும் ஊருக்கு அந்தப் பெயர் வந்த வரலாற்றை முதலில் சொல்லிவிடுவது முறை. ஒரு காலத்தில் அவ்வூரார் குடிநீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கினார்கள். மேற்பார்வைக்கு வந்தவர், “தண்ணீரைக் கண்டதும் வெட்டுவதை நிறுத்திவிடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பிற்பகலே மழை பெய்தது. குழிக்குள் தண்ணீரைக் கண்டார்கள், நிறுத்திவிட்டார்கள். சொன்ன சொல்லை மீறும் வழக்கம் அவ்வூரில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அந்த ஊர் ஏரிக்கரையில் வனத்துறையின் இயற்கைப் பூங்கா ஒன்று இருந்தது. புங்கையும் நாவலும் மருதும் அடர்ந்து, சருகு மெத்தையாய்க் கிடக்கும் இடம். குளிர்காலம் தொடங்கும்போது வடக்கிலிருந்து பாட்டுப் பறவைகள் அங்கே வந்து தங்கும். பங்குனி வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகும். மாங்குயில் போய்விட்டது. நீள வாலை இழுத்துக்கொண்டு வேதிவால் குருவியும் போய்விட்டது. எஞ்சி இருந்தது ஓர் ஆறுமணிக்குருவி.

பச்சை முதுகும் நீலத் தோளும் சிவந்த அடிவயிறும் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையுமாக, சருகுக்குள் தத்தித் தத்தி இரை தேடும் சிறு பறவை அது. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் இரட்டை விசிலாகக் கூவும், பெயர்க்காரணம் அதுதான். அரைக்கிணற்றில் அந்தக் கூவலைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். மேகமூட்டத்தன்று குருவி முன்னதாகவே கூவிவிட்டால், அன்று பொழுது முன்னதாகவே சாய்ந்துவிட்டதாகக் கொள்வார்கள்.

அந்தப் பூங்காவின் தற்காலிகக் காவலன் காத்தவராயன். தற்காலிகக் காவலனுக்கும் நிரந்தரக் காவலனுக்கும் வேறுபாடு ஒன்றே என்பது அவன் கருத்து: நிரந்தரக் காவலனுக்குக் காக்கிச் சட்டை உண்டு. அந்தச் சட்டைக்காகவே அவன் மனைவி செங்கமலம் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தாள். அதில் வேறு எதையும் மாட்ட அவள் விட்டதில்லை. அவள் அம்மா வரும்போதெல்லாம் அந்த வெற்று ஆணியைப் பார்ப்பாள். பிறகு மருமகனைப் பார்ப்பாள். பிறகு மறுபடியும் ஆணியைப் பார்ப்பாள். வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டாள். சொல்லியிருந்தால்கூடக் காத்தவராயனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஒரு திங்கட்கிழமை வனச்சரகர் செபமாலை அம்மாள் ஜீப்பில் வந்து இறங்கினார். அந்தச் சரகத்துக்கு அவர் புதியவர். ஆகவே அவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை. பூங்காக் குழுவின் தலைவர் மூக்கையாவும், உறுப்பினன் பேச்சிமுத்துவும், காத்தவராயனும் அவர் முன்னே வரிசையாக நின்றார்கள்.

“இங்கே பாருங்க, இந்தக் குருவி நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. வடக்கே கிளம்புற நேரம் இது. புதன்கிழமை சாயங்காலம் சென்னையிலேர்ந்து பெரிய அதிகாரி வர்றாங்க. இதைப் பார்க்கணும்னே வர்றாங்க. அவங்க கண்ணுலே இதைக் காட்டிட்டோம்னா, காத்தவராயன், உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே கேக்குறேன். காட்ட முடியலேன்னா, பூங்காவைப் பக்கத்து ஊர்க்காரங்ககிட்டே ஒப்படைச்சிடுவாங்க. அப்புறம் என்னாலே ஒண்ணும் செய்ய முடியாது.”

“பிடிச்சு ஒரு கூடையைப் போட்டுக் கவுத்துடலாமாம்மா?” என்று கேட்டான் காத்தவராயன்.

“ஐயையோ! தொடக் கூடாது, விரட்டக் கூடாது. மரத்தோட மரமா நின்னு, கண் கொட்டாமப் பார்த்துக்கங்க. அது போதும்.”

அவர் போனதும் குழு கூடியது.

“மரத்தோட மரமான்னா, எந்த மரமாம்?” என்றான் பேச்சிமுத்து. எதையும் ஐயம் திரிபறத் தெரிந்துகொள்ளாமல் செய்யமாட்டான் அவன்.

“நான் ஆலமரம். வயசிலே மூத்தவன்” என்றார் மூக்கையா.

“பூங்காவிலே ஆலமரமே கிடையாதே மாமா. புதுசா ஒண்ணு நின்னா குருவிக்குச் சந்தேகம் வராதா?”

மூக்கையா பூங்காவை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். “சரி, நாவல். ஆனா எனக்கு முழங்கால் வலி இருக்கே. நாவல் மரத்துக்கு முழங்கால் வலி வருமா?”

“வயசான நாவலுக்கு வரும் மாமா” என்று காத்தவராயன் சொன்ன பிறகே அவருக்கு மனம் ஆறியது.

மூக்கையா நாவற்கிளைகளையும், காத்தவராயன் புங்கங்கிளைகளையும் உடம்பெங்கும் கட்டிக்கொண்டார்கள். பேச்சிமுத்து வேப்பங்குழையைக் கட்டிக்கொண்டான். சற்று நேரத்தில் வெள்ளாடு ஒன்று வந்து, பேச்சிமுத்துவை இடுப்பிலிருந்து தோள்வரை நிதானமாகத் தின்றது. அவன் அசையவில்லை. வயிறு நிறைந்ததும் அது அவன் காலடியிலேயே படுத்து அசைபோட்டது.

“அது யாரு ஆடு மாப்ளே?” என்று கேட்டது நாவல்.

“என் ஆடுதான் மாமா.”

“விரட்ட வேண்டியதுதானே?”

“மரம் எப்படி மாமா ஆட்டை விரட்டும்?”

அந்த நியாயத்தை நாவலும் ஒப்புக்கொண்டது; புங்கையும் ஒப்புக்கொண்டது.

அடுத்து, கண் கொட்டாமல் பார்க்கும் வேலை இருந்தது. மூவரும் முயன்றார்கள், எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் இமை தானாக மூடிக்கொண்டது. அவரவர் இமையை அவரவரே பிடித்துக்கொள்ளலாம் என்றால், தன் கையே தன் பார்வையை மறைத்தது. ஆகவே ஒருவர் இமையை மற்றவர் பிடிப்பதென்று முடிவாயிற்று. காத்தவராயன் பேச்சிமுத்துவின் இமைகளைப் பிடித்துக்கொண்டான். பேச்சிமுத்து மூக்கையாவின் இமைகளைப் பிடித்துக்கொண்டான். மூக்கையா காத்தவராயனின் இமைகளைப் பிடித்துக்கொண்டார். ஏற்பாடு கச்சிதமாக அமைந்தது. ஒரு கண்ணும் கொட்டவில்லை. மூவரும் வட்டமாக நின்று, கண்ணீர் வழிய, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் சருகு சரசரத்தது.

“குருவி போகுது போல இருக்கே” என்றான் காத்தவராயன்.

“திரும்பாதே! இமையை விட்டுடுவே!” என்றார் மூக்கையா.

பொழுது சாய்ந்து, இரட்டை விசில் கேட்டதும், கட்டிய கிளைகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்தார்கள். கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. காத்தவராயனுக்கு உண்மையான கவலை அப்போதுதான் பிடித்தது.

“பார்த்துக்கிட்டே இருந்தாலும், கிளம்பணும்னு நினைச்ச விருந்தாளி கிளம்பத்தானே செய்யும்? எப்படி நிறுத்துறது?”

“விருந்தாளியை நிறுத்துறது பெரிய காரியமா?” என்றார் மூக்கையா. “எங்க வீட்டிலே செருப்பை ஒளிச்சு வைச்சிடுவோம்.”

“குருவிக்குச் செருப்பு இல்லையே மாமா.”

“பையை எடுத்துப் பரண்மேலே வைச்சிடுவோம்.”

“பையும் கொண்டு வரலையே.”

“வெறுங்கையை வீசிக்கிட்டு வந்திருக்கா!” என்று பேச்சிமுத்து முகம் சுளித்தான். அத்தனை தொலைவிலிருந்து வருகிறவர் ஒரு சீப்புப் பழமாவது வாங்கி வரலாம் என்பது அவன் எண்ணம். மற்ற இருவரும் அவனை அடக்கினார்கள். விருந்தாளியைக் குறை சொல்லக் கூடாது.

மூக்கையா பயண முறைமைகள் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர். ஒரு முறை அவர் தம் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பியபோது யாரோ, “எங்கே போறீக?” என்று கேட்டுவிட, வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார். அதற்குள் மாப்பிள்ளையே நேரில் வந்துவிட்டார். அன்று முதல் அந்த முறைமையில் அவருக்கு அசையாத நம்பிக்கை. இப்போது அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

“அட, நாளைக்குச் செவ்வாய். மறுநாள் புதன். ரெண்டு நாளும் வடக்கே சூலம்! வடக்கே யாரும் கிளம்ப மாட்டாக.”

காத்தவராயனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. பேச்சிமுத்து மட்டும் தலையைச் சொறிந்தான்.

“மாமா, குருவிக்குக் கிழமை தெரியுமா?”

“மணி தெரிஞ்ச குருவிக்குக் கிழமை தெரியாதா மாப்ளே?”

பேச்சிமுத்து தலையைச் சொறிவதை நிறுத்தினான். ஆயினும் மூக்கையா ஓர் எச்சரிக்கை செய்தார்: “ஒண்ணே ஒண்ணு. வடக்குச் சூலத்துக்குப் பரிகாரம் பால். ஒரு வாய் பால் குடிச்சிட்டா, சூலம் இருந்தாலும் கிளம்பலாம். அதனாலே குருவி கண்ணுலே பால் படவே கூடாது.”

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் காத்தவராயன் வீடு வீடாகச் சென்றான். “பால் பானையை மூடி வைங்க. குருவி வந்து கேட்டாலும் இல்லைன்னு சொல்லிடுங்க” என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னான். ஊரில் ஒரு வீட்டையும் விடவில்லை. தன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. தனக்கே தெரிந்த செய்தியைத் தன் வீட்டில் சொல்ல வேண்டிய தேவை அவனுக்குத் தோன்றவில்லை.

மாலையில் அவன் நிம்மதியாக வீட்டுக்கு வந்து, ஆணிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்தான்.

“ஏங்க, நாளைக்கு அதிகாரி பார்த்ததும் குருவி கிளம்பிடுமாமே?” என்றாள் செங்கமலம்.

“கிளம்பட்டும். எனக்குச் சட்டை வந்துடும்.”

“அம்புட்டுத் தூரம் போறதை வறட்டுத் தொண்டையோடயா அனுப்புறது? விருந்தாளின்னு நீங்கதானே சொன்னீக. புங்கமரத்தடியிலே ஒரு கொட்டாங்கச்சி நிறையப் பால் ஊத்தி வைச்சிட்டு வந்தேன்.”

காத்தவராயன் எழுந்த வேகத்தில் தலை ஆணியில் இடித்தது.

அவன் ஓடினான். வழியில் மூக்கையாவும் பேச்சிமுத்துவும் காரணம் தெரியாமலே சேர்ந்து ஓடிவந்தார்கள். புங்கமரத்தடியில் கொட்டாங்கச்சி காலியாகக் கிடந்தது. பக்கத்துக் கல்லின்மேல் ஒரு பூனை உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது. துக்கம் விசாரிக்க வந்த பூனையாக இருக்கும் என்று எண்ணி அதை ஒருவரும் விரட்டவில்லை.

“குடிச்சிடுச்சு. ஒரு சொட்டு விடலே” என்றார் மூக்கையா. “கிளம்பிடுச்சு.”

“போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே!” என்று பேச்சிமுத்து வாய்விட்டு அழுதான். மற்ற இருவரும் சேர்ந்து அழுதார்கள். ஊராரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த அழுகையில், ஆறு மணிக்குக் குருவி கூவியதா இல்லையா என்பது ஒருவர் காதிலும் விழவில்லை. கடிகாரத்தைத் திருப்பி வைக்க ஆளில்லாமல், அரைக்கிணற்றில் அன்று மாலை ஆறு மணி ஆகவே இல்லை.

புதன்கிழமை மாலை ஜீப் வந்தது. செபமாலையுடன், கழுத்தில் தொலைநோக்கி தொங்க, சென்னை அதிகாரி இறங்கினார். நரைத்த தலையும் கேன்வாஸ் காலணியுமாய் இருந்த அந்த அம்மையார் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, “குருவி எங்கே இருக்கும்?” என்று கேட்டார்.

காத்தவராயன் கையைக் கட்டிக்கொண்டு முன்னே வந்தான். “நேத்துச் சாயங்காலம் பாலைக் குடிச்சிட்டுப் போயிடுச்சும்மா. என் சம்சாரம்தான் ஊத்தினா. ஆனா தப்பு என்னோடது.”

“பாலா?” என்றார் அதிகாரி.

“வடக்கே சூலம்மா” என்று விளக்கினான் காத்தவராயன்.

செபமாலை கண்களை மூடிக்கொண்டார். பக்கத்து ஊரின் பெயர் அவர் வாயில் வரப்போகிறது என்று காத்தவராயனுக்குத் தெரிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் செங்கமலம் நின்றாள். அவள் பக்கத்தில் அவள் அம்மா நின்றாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அப்போதுதான் மூக்கையா கையை உயர்த்தினார். “நேத்துத்தானே கிளம்பியிருக்கு? பால் குடிச்ச வயிறு, வேகமாப் போகாது. பின்னாலேருந்து ‘எங்கே போறீக?’ன்னு ஒரு குரல் கொடுத்தோம்னா, திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணி குடிச்சிட்டுத்தானே மறுபடி கிளம்பணும்?”

ஊரே பெருமூச்சு விட்டது. இவ்வளவு எளிய வழி முன்பே தோன்றாமல் போயிற்றே என்று ஒருவரை ஒருவர் நொந்துகொண்டார்கள். செங்கமலம் வீட்டுக்கு ஓடி மணைப்பலகையும் தட்டு நிறையத் தண்ணீரும் கொண்டுவந்து புங்கமரத்தடியில் வைத்தாள். “பால் வேண்டாம், தண்ணிதான்” என்று கணவனிடம் மூன்று முறை காட்டிவிட்டு வைத்தாள்.

செபமாலை வாய் திறப்பதற்குள் அரைக்கிணறு முழுவதும் வடக்குச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. “எங்கே போறீக? எங்கே போறீக?” என்ற முழக்கம் வானைத் தொட்டது. முன்னே ஒரு வேனில் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தவர்கள், பின்னாலிருந்து ஓர் ஊரே அப்படிக் கேட்பதைக் கண்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு தங்கள் வீட்டுக்கே போய்விட்டார்கள். குருவி மட்டும் கண்ணில் படவில்லை.

பாதி வழியில் காத்தவராயனுக்கு ஓர் எண்ணம் உறைத்தது. குருவி குறுக்கு வழியாகத் திரும்பி வந்து, வீட்டில் ஆளில்லை என்று கண்டால் என்ன நினைக்கும்? “வாங்க” என்று சொல்ல ஒருவராவது வேண்டாமா? அவன் தனியாகத் திரும்பி ஓடினான்.

பூங்காவுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றான். செபமாலையும் அதிகாரியும் மரத்தோடு மரமாக நின்றார்கள். கண் கொட்டவே இல்லை. இலை தழை எதுவும் கட்டிக்கொள்ளாமலேயே அவர்கள் அதைச் செய்த திறமையைக் காத்தவராயன் மனத்துக்குள் மெச்சினான். பிறகு அவர்கள் பார்த்த திசையில் பார்த்தான்.

சருகுக்குள்ளிருந்து ஆறுமணிக்குருவி தத்தி வந்தது. ஊரார் அத்தனை பேரும் விலகிப்போன அந்த இடத்தை இப்புறமும் அப்புறமும் பார்த்தது. மணைப்பலகைமேல் ஏறி நின்றது. தட்டிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தது. தலையை உயர்த்தி விழுங்கியது. பச்சையும் நீலமும் சிவப்பும் மாலை வெயிலில் பளபளத்தன. பிறகு தொண்டையைத் திறந்து இரட்டை விசிலாகக் கூவியது.

அதிகாரியின் கையில் தொலைநோக்கி இருந்தது. அதை உயர்த்தவும் மறந்திருந்தார். “முப்பது வருஷமா இதைத் தேடிக்கிட்டு எங்கெங்கேயோ போயிருக்கேன்” என்று முணுமுணுத்தார். “இவ்வளவு கிட்டே பார்த்ததே இல்லை.”

“பாவம், எம்புட்டுத் தூரம் போயிட்டுத் திரும்பியிருக்கு. மூச்சு வாங்குது பாருங்க” என்றான் காத்தவராயன்.

அதிகாரி அவனைக் கூர்ந்து பார்த்தார், மணைப்பலகையைப் பார்த்தார், ஊரே வெளியேறிய வெறுமையைப் பார்த்தார். “பறவைக்காக ஒரு ஊரையே காலி பண்ணிக் கொடுத்த காவலரை நான் கண்டதில்லை. இவரையே நிரந்தரமாப் போட்டுடுங்க” என்றார்.

செபமாலைக்கும் முகம் தெளிந்தது. “காத்தவராயன், உங்க காக்கிச் சட்டை டவுன் ஆபீஸ்லே இருக்கு. நீங்களே நேர்லே வந்து வாங்கிக்கணும்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வியாழக்கிழமை வடக்கே சூலம் இல்லை. எவரும் எதுவும் கேட்காததால் குருவி தன்பாட்டுக்குப் புறப்பட்டுப் போயிற்று.

காத்தவராயனும் அன்று காலை தலைக்கு எண்ணெய் தடவி வாரி, சட்டை வாங்கக் கிளம்பினான். எதிரே பேச்சிமுத்து வந்தான். ஒருவன் கிளம்பும்போது எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாதென்பது அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. விடை ஊருக்கே தெரியும். நண்பன் வாயால் அதைச் சொல்லிக் கேட்கும் பெருமைக்காகக் கேட்டான்.

“எங்கே மாப்ளே போறே?”

“காக்கிச் சட்டை வாங்கப் போறேன்” என்றான் காத்தவராயன் நெஞ்சை நிமிர்த்தி. பிறகு வீட்டுக்குத் திரும்பினான், உட்கார்ந்தான், செங்கமலம் தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு மறுபடி கிளம்பினான். தெருமுனையில் மூக்கையா நின்றார். அவருக்கும் அந்தப் பெருமை வேண்டியிருந்தது. அதன்பின் கடைக்காரருக்கு வேண்டியிருந்தது. பேருந்து நிறுத்தம்வரை ஒருநாள் எட்டிவிட்டான், அங்கே அவன் மாமியார் வந்து இறங்கி, வாழ்க்கையில் முதன்முறையாக அன்பு ததும்ப, “மாப்பிள்ளை எங்கே கிளம்பிட்டீக?” என்று கேட்டாள்.

சித்திரை போயிற்று, ஆடி போயிற்று. குருவி இமயமலை அடிவாரம் சென்று, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, ஐப்பசி மழையோடு திரும்பியும் வந்துவிட்டது. ஆணி இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது.

சட்டை வாங்க ஆள் வரவே இல்லையே என்று, ஒருநாள் செபமாலை அதைத் தாமே எடுத்துக்கொண்டு அரைக்கிணற்றுக்கு வந்தார். புத்தம்புதுக் காக்கி, மடிப்புக் கலையாதது. ஊர் எல்லையில், தலை வாரிக்கொண்டு வேகமாக நடந்துவந்த காத்தவராயனைக் கண்டதும் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். சட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி, மகிழ்ச்சியோடு கேட்டார்:

“காத்தவராயன்! எங்கே கிளம்பிட்டீங்க?”

காத்தவராயன் சட்டையைப் பார்த்தான். செபமாலையைப் பார்த்தான். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி வீட்டுக்குள் போய் உட்கார்ந்தான்.

“ஏ செங்கமலம், ஒரு செம்புத் தண்ணி கொண்டா” என்றான். “டவுனுக்குச் சட்டை வாங்கப் போகணும்.”